வீட்டு ஓட்டு கடைசி

எங்கள் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஆறுகால்’ என்றால் குழந்தைகூட வழி காட்டும். முதுகில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு படி இறங்கும்போது அவருடைய கால் இரண்டு, நாற்காலியின் கால் நாலு. பெயர் வைத்தவன் எவனோ வாய்க்கொழுப்பு பிடித்தவன்தான், ஆனால் கணக்கில் தப்பு இல்லை. அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. ரெண்டு காலில் நிற்பவனைத் தள்ளிவிட ஆயிரம் பேர் இருக்கும்போது ஆறு கால் இருந்தால் நல்லதுதானே என்பார்.

தொழில் பாரம் தூக்குவது. வீடு மாறுகிறவர்களின் பீரோ, கட்டில், தையல் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் அவர் முதுகில்தான் ஊர் போகும். எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டோ, ஒருவர் இறங்கினால் எதிரே ஏறுகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு ஒட்ட வேண்டிய அகலம். அந்தப் படிக்கட்டுக்கு அடியில், மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில், நான் இஸ்திரி போடுகிறேன். மேலே போவதும் கீழே வருவதும் என் கண்ணில் படாமல் முடியாது. என்னை எல்லோரும் அக்கா என்பார்கள். அவர் எனக்கு மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். நான் அண்ணே என்றேன். யாருக்கு யார் மூத்தவர் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளவே இல்லை.

எங்கள் நாடாளுமன்றத் தொகுதியை வரைபடத்தில் கட்டைவிரலால் மூடிவிடலாம். ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் ஓட்டு. வேட்பாளரின் வண்டி பெரிய தெருவோடு நின்றுவிடும். அங்கிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் வண்டி நுழையாத சந்துகளில், அதிலும் மேல்மாடிகளில். மூட்டு போனவர்களும் மூச்சு வாங்குகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஏறிப் போனவர்கள், பிறகு இறங்கவே இல்லை. தண்ணீரும் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறாது. எந்தக் கட்சி வந்தாலும் இந்த இரண்டும் மாறியதில்லை, அதனால் நான் எந்தக் கட்சிக்காரனுக்கும் சட்டையைத் தவிர வேறு எதையும் தேய்த்துக் கொடுப்பதில்லை.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு கட்சிக்கு எங்கள் சந்துகளில் பொறுப்பாளர். காலர் விறைப்பாக நிற்காவிட்டால் சட்டையைத் திருப்பி அனுப்பும் ரகம். ஒரு தேர்தலில் அவர்கள் ஆள் மயிரிழையில் தோற்றுப்போனபோது, மாடியில் இருக்கும் கிழங்களைக் கீழே கொண்டுவந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று இந்த மச்சானுக்குத்தான் உறைத்தது. பீரோவை இறக்குகிற மாமா ஆளை இறக்க மாட்டாரா? ஒரு மர நாற்காலியின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார்கள். லாரியில் சரக்கைக் கட்டும் பட்டையை வாங்கித் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று என்று தைத்தார்கள். உட்காருகிறவர் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இவர் கீழே பார்த்து இறங்குவார், அவர்கள் தாங்கள் விட்டு வந்த மாடியைப் பார்த்துக்கொண்டே இறங்குவார்கள்.

அந்த வேலைக்கு மச்சான் ஒரு விதி வைத்தான். சந்தேக ஓட்டு முதலில், நம் ஓட்டு அப்புறம், வீட்டு ஓட்டு கடைசி. சந்தேக ஓட்டைத் தாமதித்தால் எதிர்க்கட்சிக்காரன் வந்து தூக்கிவிடுவான். வீட்டு ஓட்டு எங்கே போய்விடப் போகிறது? கட்சியில் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். தேர்தல் நாளில் கட்சிக்காரன் வீட்டுப் பெண்கள்தான் கடைசியில், கதவு சாத்தும் நேரத்தில், முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

நாற்காலியில் ஏறியவர்கள் பேசுவார்கள். முதுகோடு முதுகு, முகம் தெரியாது. அதனால் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். எந்தச் சின்னத்தில் குத்தப் போகிறேன் என்பதிலிருந்து, மருமகள் சோற்றுத் தட்டை எப்படி வைக்கிறாள் என்பது வரை. முடிவு வருவதற்கு முன்பே யார் ஜெயிப்பார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்லுங்க மாமா என்று மச்சான் கெஞ்சுவான். தனக்குப் பின்னால் காது கிடையாது என்று இவர் கையை விரித்துவிடுவார். மனுஷன் நாக்கைக் கட்டி வைத்திருந்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவர் மனைவி ஐந்தாவது மாடியில் இருந்தாள். கால் இரண்டும் வீங்கி, நாலு அடி வைத்தால் இரைப்பு. என்னோடு நல்ல ஒட்டுதல். தேய்த்த துணியைக் கொண்டுபோனால் பிடித்து உட்காரவைத்து, கீழே யார் யாரோடு சண்டை, மருந்துக் கடைக்காரன் மறுபடி மீசை வைத்துவிட்டானா, என்று ஒன்று விடாமல் கேட்பாள். கீழே இறக்கிக்கொண்டு போகிறேன் என்று அவர் சாதாரண நாட்களில் கூப்பிடாமல் இல்லை. அவள்தான் வரமாட்டாள். நாள் முழுக்க ஊரார் பீரோவைச் சுமந்துவிட்டு வருகிறவர் முதுகில் நானும் ஒரு பீரோவா என்பாள். தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, படுங்க, நாளைக்குப் பார்க்கலாம் என்பாள். தேர்தல் நாளன்று மட்டும் ஒப்புக்கொள்வாள். ஊரையே சுமக்கிற நாள், அதோடு நானும் என்று ஒரு நியாயம். அதிலும் அவள் வீட்டு ஓட்டு. கடைசி நடை. போய்ச் சேரும்போது இருட்டிவிடும், கடைகளைச் சாத்திவிடுவார்கள், அவள் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூட வாசலில் எரிந்த ஒரு விளக்குதான்.

ஒரு தடவை, தேர்தலுக்கு முந்தின நாள், நீலச் சேலை ஒன்றைத் தேய்க்கக் கொடுத்தாள். ஓரம் வெளுத்த பழைய துணி. மடிப்பு கலையாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலையில், அவர் நாற்காலியைத் தோளில் மாட்டும்போது அவரிடம் அவள் கேட்டதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"இன்னைக்கு என்னை முதல்ல எடுத்துட்டுப் போங்க. ஒரு தடவையாவது வெளிச்சத்துல தெருவைப் பாக்கணும்."

"வீட்டு ஓட்டுதானே. எங்க ஓடிடப் போகுது" என்று சொல்லிவிட்டு இவர் இறங்கிவிட்டார்.

அன்றைக்குப் போட்டி கடுமை. நாள் பூராவும் ஏறுவதும் இறங்குவதும்தான். தன் வாசலையே எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறார். பொழுது சாய்ந்தபிறகுதான் வீட்டுக்கு ஏறினார். கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில், நீலச் சேலையோடு, செருப்பு மாட்டி, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். தலை சுவரில் சாய்ந்திருந்தது. மயக்கம் என்று நினைத்தார். அப்படியே நாற்காலியில் வைத்துப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டமாக இறங்கினார். என்னைத் தாண்டிப் போகும்போது அவளுடைய செருப்பு கழன்று என் மேசைக்கு முன்னால் விழுந்தது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வரிசையில் நின்றவர்கள் ஓட்டுப் போட வருகிறாள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டார்கள். எதிர்க்கட்சி முகவர், நல்லவர்தான், சீக்கிரம் வாங்க, கதவைச் சாத்தப் போறாங்க என்று குரல் கொடுத்தார். மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டதே என்றார். எப்போது என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்த நடையின்போது என்று கணக்குப் போட்டிருப்பார். கேட்காததே நல்லது என்று நான் நினைத்தேன். இப்போது யோசித்தால், எல்லா நடையின்போதும் என்று அவர் அன்றே முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது.

அடுத்த தேர்தலிலும் அவர் நாற்காலியை எடுத்தார். மச்சானுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை, இவராகவே வந்தார். சந்தேக ஓட்டு, நம் ஓட்டு என்று வரிசை மாறாமல் இறக்கினார். கடைசியில், பொழுது சாய்ந்ததும், ஐந்தாவது மாடிக்குத் தனியாக ஏறினார். இறங்கும்போது நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் அவர் ஆளைச் சுமக்கிறவர் இறங்குவதுபோல இறங்கினார். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை பின்னால் நாற்காலியின் விளிம்பில். அவளுக்குத் தலை சுற்றும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். ஏறிவந்த இளவட்டங்கள் சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாசல் வரை போய், சற்று நின்று, திரும்பி வந்தார்.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. நம்பினால் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து தொழில் செய்ய முடியாது. ஆனால் அன்று பட்டையை அவிழ்க்கும்போது நாற்காலியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்தேன். கை மடங்கிவிட்டது. மரம், கனக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.

அதன்பிறகு தேர்தலுக்குத் தேர்தல் அது நடந்தது. சந்துக்காரர்கள் பழகிப்போனார்கள். பொழுது சாயும்போது தெருவில் பந்தாடுகிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கனம் கூடுவதாகச் சொன்னார். மற்ற எல்லோரும் இந்த முதுகில் ஏறிக் காதில் ஓதிவிட்டுப் போனார்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள், பீரோ சுமக்கும்போதுகூட அவர்கள் பேச்சு பின்னால் கேட்கிறது, இவள் ஒருத்திதான் வாயே திறக்கமாட்டேன் என்கிறாள் என்றார். கோபமாக இருக்கிறாளோ என்று என்னிடம் கேட்டார். இருந்தால் என்ன தப்பு என்று எனக்குள்ளே நினைத்துக்கொண்டு, வேறு துணியை எடுத்து விரித்தேன்.

இந்தத் தேர்தலில்தான் சிக்கல் வந்தது. புதிய வேட்பாளர், படித்தவர், எதற்கும் பயப்படுகிறவர். செத்தவர்கள் ஓட்டை நாற்காலியில் வைத்தே கொண்டுவருகிறார்கள் என்று எதிர்க்கட்சிக்காரன் எவனோ கேலி செய்திருக்கிறான். அதைப் படம் பிடித்துப் போட்டால் தொகுதி பூராவும் சிரிக்கும் என்று வேட்பாளருக்கு உதறல். மச்சானைக் கூப்பிட்டு, அந்தக் கடைசி நடை இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதை மாமாவிடம் சொல்ல மச்சானுக்குத் தைரியம் இல்லை, என் கடைக்கு வந்து மென்று விழுங்கினான். அவளுக்கு நீ தம்பியா, வேட்பாளருக்குத் தம்பியா என்று கேட்டேன். தேய்த்த சட்டையைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

ஆறுகால் அண்ணனுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து என் எதிரே படியில் உட்கார்ந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது. முட்டி தேய்ந்துவிட்டது, இனி பாரம் தூக்கினால் எழுந்திருக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். இந்த ஒரு தடவைதான் என்று முடிவு. ஆனால் பகல் பூராவும் ஊராரைச் சுமந்துவிட்டு, கடைசியில் அவளைச் சுமக்கத் தெம்பு இருக்குமா என்றுதான் அவருக்குப் பயம். போன தடவையே மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டாராம். பாதியில் அவளை இறக்கி வைத்துவிட்டால் அப்புறம் எப்படி வீட்டுக்குள் போவேன் என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"அப்ப எதுக்கு அண்ணே இன்னமும் கடைசியிலேயே கொண்டு வர்றீங்க? வெளிச்சத்துல பாக்கணும்னுதானே கேட்டா. செத்த பிறகும் அவளுக்கு இருட்டுதானா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அழுதார், சுமந்தார், முட்டி தேய்ந்தார், ஆனால் வரிசையை மாற்றலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டு ஓட்டு கடைசி. பரிகாரம் செய்தபோதும் கட்சி விதிப்படியே செய்திருக்கிறார். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

மறுநாள் காலையில் வெயில் எங்கள் சந்துக்குள் அப்போதுதான் இறங்கியிருந்தது. நாலாவது மாடியில் கடிகாரம் பழுதுபார்க்கும் கிழவர் சட்டை போட்டுத் தயாராகக் காத்திருந்தார். எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஓட்டு. அவருக்காகத்தான் மச்சான் படிக்கட்டு அடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மேலே நாற்காலி சுவரில் உரசும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று வந்தது. இவர் கீழே வந்தபோது நாற்காலியில் யாரும் இல்லை, அவர் மூச்சு மட்டும் பெரிதாக வாங்கியது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

மச்சான் வழியை மறித்து நின்று, "மாமா, இறக்கி வைங்க. பெரியவர் காத்துட்டு இருக்கார்" என்றான்.

"உங்க அக்கா முதல்ல போகணும்னா. கேட்டு ரொம்ப நாளாச்சு."

மச்சான் என்ன நினைத்தானோ, விறைப்பாக நின்ற காலரோடு ஒதுங்கிக்கொண்டான். அவர் தாண்டும்போது நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவை தொட்டான். நான் பெட்டியை அணைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

நாற்காலியில் இருப்பவர் பின்பக்கம்தான் பார்க்க முடியும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் அவர் ஒவ்வொரு கடைக்கும் முன்னால் நின்று, மெதுவாகத் திரும்பி, கடைக்கு முதுகைக் காட்டி நின்றார். பழக்கடை. பூட்டுச் சாவிக்காரன். மருந்துக் கடை, அதில் மீசை வைத்துக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரன். தெருவில் போகிறவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பழக்கடைக்காரி பழங்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு, நாற்காலியைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அழுகையும் வந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

பெரிய தெரு தொடங்கும் முனையில் கட்டடங்கள் விலகும். அங்கே வெயில் தங்கு தடையில்லாமல் விழும். அந்த இடத்தில் வந்து நின்று, வெளிச்சம் வரும் பக்கமாக நாற்காலி இருக்கும்படி திரும்பினார். வெகுநேரம் நின்றார். வேட்பாளரின் வண்டி பாட்டு போட்டுக்கொண்டு கடந்தது, யாரும் பார்க்கவில்லை. அவர் தோளை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். மறுபடி அசைத்தார். பட்டை தோளில் தொளதொளவென்று ஆடியது. கையைப் பின்னால் நீட்டி உட்காரும் பலகையைத் தடவினார், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். பாரம் இறங்கியது என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், நானும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. கூட்டத்தில் கூட வந்தவள் கையை விட்டுவிட்டவர் முகம் அது.

"அக்கா, இதுல யாருமே இல்ல" என்றார்.

இத்தனை வருஷமாக ஊர் முழுக்கப் பார்த்ததை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். நான் பட்டையை அவிழ்க்க உதவினேன். ஒற்றைக் கையால் பிடித்தேன், வெறும் மரம். அவரே அதை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நாலாவது மாடிக் கிழவரை இறக்குவதற்காகச் சந்துக்குள் திரும்பி நடந்தார்.